வெளியிடும் முன் சொந்த எழுத்தை நாமே மெய்ப்புப் பார்ப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று முறை படித்துவிட்டுத்தான் வெளியிட்டேன். அப்படியும் பிழை எப்படித் தப்புகிறது?

மூன்று முறையும் ஒரே விதமாகப் படித்திருப்பீர்கள். படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக நகர்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே ஏறத்தாழக் கால் நொடி நின்று பார்க்கிறது. நிற்காத இடத்து எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பிறர் எழுத்தில் அடுத்து என்ன வரும் என்று தெரியாததால் அந்த ஊகம் அடிக்கடி இடறும். இடறிய இடத்தில் பிழை கண்ணில் படும். சொந்த எழுத்தோ பாதி மனப்பாடம். தாளில் 'அக்கரை' என்று இருக்கும். நீங்கள் 'அக்கறை' என்றே படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள்.

எனவே 'இந்த முறை இன்னும் கவனமாகப் படிக்கிறேன்' என்பதில் பெரிய பயனில்லை. படிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். சில பிழைகள் காதுக்குத்தான் சிக்கும், சில கண்ணுக்குத்தான் சிக்கும். இரண்டுக்கும் சிக்காமல் தேடல் பெட்டிக்கு மட்டும் அகப்படுபவையும் உண்டு.

எழுதி முடித்த கையோடு பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பாதிப் பிழை அங்கேயே இருக்கும். ஓர் இரவு இடைவெளி விட்டால் நல்லது. அவசரம் என்றால் அரை மணி நேரமாவது வேறு வேலை பாருங்கள். அதற்கும் வழியில்லையென்றால் எழுத்தின் தோற்றத்தை மாற்றுங்கள்: வேறு எழுத்துரு, ஒன்றரை மடங்கு பெரிய அளவு, ஒரு வரிக்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் வரும்படி ஒடுங்கிய பத்தி. வரி முறியும் இடங்கள் மாறினாலே பழகிய கண்ணுக்கு அது புதிய பக்கம் ஆகிவிடும். கணினியில் எழுதியதைக் கைப்பேசியில் திறந்து படிப்பதும் இதே வேலையைச் செய்யும். நீளமான எழுத்து என்றால் அச்செடுத்து, படிக்கும் வரிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக்கொண்டு படியுங்கள். கண் முந்திக்கொண்டு ஓடாது.

எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது?

பெரியதிலிருந்து சிறியதற்கு. முதல் சுற்றில் பொருள்: சொன்னதையே திரும்பச் சொல்லியிருக்கிறோமா, முன்னுக்குப் பின் முரண் உண்டா, விட்டுப்போன படி ஏதாவது உண்டா. இரண்டாம் சுற்றில் வாக்கியம். மூன்றாவதில் எழுத்தும் ஒற்றும். நான்காவதில் பெயர், எண், நாள், இணைப்பு. கடைசியாகத் தலைப்பு, உபதலைப்பு, படக்குறிப்பு.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் உழைப்பு வீண். ஒரு பத்தியில் பத்து ஒற்றுகளைத் திருத்திவிட்டு, பிறகு அந்தப் பத்தியே வேண்டாம் என்று எடுத்துவிடுவீர்கள். அதைவிட மோசம், ஒற்றெல்லாம் பார்த்து முடித்த பிறகு வாக்கியத்தை மாற்றி எழுதுவது. திருத்தும்போது நுழையும் பிழைதான் யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போகும். 'புத்தகத்தைப் படித்தான்' என்பதை 'வாங்கினான்' என மாற்றுவோம். 'புத்தகத்தைப் வாங்கினான்' என்று பழைய ஒற்று அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். எந்தச் சொல்லை மாற்றினாலும் அதற்கு முந்தைய சொல்லின் கடைசி எழுத்தையும் வாக்கியத்தின் வினைமுற்றையும் ஒரு முறை பாருங்கள்.

தலைப்பைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய எழுத்தில் இருப்பதால் அதில் பிழை இருக்காது என்று மனம் நம்பிவிடுகிறது; மெய்ப்பில் தலைப்பைத் தாண்டி முதல் பத்தியிலிருந்து தொடங்குகிறவர்களே அதிகம்.

வாய்விட்டுப் படித்தாலே போதும் என்கிறார்களே?

சில பிழைகளுக்குப் போதும். விட்டுப்போன சொல், இருமுறை விழுந்த சொல், மூச்சு வாங்கும் நீள வாக்கியம் ஆகியவை காதில் உடனே உறுத்தும். கணினியையோ கைப்பேசியையோ படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் மேல். நீங்கள் படித்தால் விட்டுப்போன சொல்லையும் சேர்த்துப் படித்துவிடுவீர்கள். இயந்திரம் இருப்பதைத்தான் படிக்கும்.

ஆனால் தமிழில் காதுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. ன, ந இரண்டும் இன்றைய பேச்சில் ஒரே ஒலி. ர, ற வேறுபாட்டையும் ன, ண வேறுபாட்டையும் பெரும்பாலோர் பேச்சில் காட்டுவதில்லை. 'பறவை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பரவை' என்று இருந்தால் நூறு முறை வாய்விட்டுப் படித்தாலும் தெரியாது. 'பரவை' என்றால் கடல். எழுத்துப் பிழைக்குக் கண்தான் வேண்டும், அதுவும் பொருளில் லயிக்காத கண்.

பொருளில் லயிக்காமல் எப்படிப் படிப்பது?

பின்னாலிருந்து படியுங்கள். கடைசி வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லாக முன்னோக்கி வர வேண்டும். வாக்கியம் உருவாகாததால் ஊகத்துக்கு இடமில்லை. சொல் வெறும் எழுத்து வரிசையாகத் தெரியும். சலிப்பான வேலைதான். முழுக் கட்டுரைக்கும் முடியாவிட்டால் தலைப்புகள், முதல் பத்தி, அவசரமாக எழுதிய பகுதிகள் ஆகியவற்றுக்காவது செய்யுங்கள்.

கூடவே, உங்களுக்கென ஒரு பிழைப்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தவறுவது அதே இருபது முப்பது சொற்களில்தான். பலருக்கும் இடறுபவை:

அரை – அறை, கரை – கறை, இரை – இறை, பொரி – பொறி, பொருப்பு (மலை) – பொறுப்பு, இரங்கல் – இறங்கல், மனம் – மணம், பனி – பணி, தினை – திணை, விலை – விளை – விழை, அலகு – அழகு, ஒலிபரப்பு (வானொலி) – ஒளிபரப்பு (தொலைக்காட்சி), நினைவுகூர்ந்தார் (நினைவுகூறினார் அல்ல), முந்நூறு (300; 'முன்னூறு' என்றால் முதல் நூறு).

இந்த இணைகளில் பலவற்றில் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். அதனால் அகராதியை மட்டும் பார்க்கும் பிழைதிருத்தி கோடு போட்டுக் காட்டாது. இவை போக, சுவற்றில் (சுவரில்), பதட்டம் (பதற்றம்), சில்லரை (சில்லறை), எண்ணை (எண்ணெய்), நிலமை (நிலைமை), உடமை (உடைமை), அறுவறுப்பு (அருவருப்பு) போன்றவற்றையும் பட்டியலில் சேருங்கள். எழுதி முடித்ததும் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒற்றுப் பிழைதான் தீராத தலைவலி. எல்லா விதிகளையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். அன்றாட உரைநடையில் விழும் ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி ஒரு சில இடங்களில்தான் வருகிறது. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும்போது ஒற்று மிகும் இடங்கள் இவை:

– 'ஐ' உருபுக்குப் பின்: அவரைப் பார்த்தேன், பாடத்தைச் சொன்னார்
– 'கு' உருபுக்குப் பின்: ஊருக்குப் போனார், அதற்குத் தடை
– அந்த, இந்த, எந்த. அப்படி, இப்படி, எப்படி: அந்தப் பக்கம், எப்படிச் செய்வது
– 'அ', 'இ' என முடியும் வினையெச்சங்களும் 'ஆக' என்பதும்: வரச் சொன்னார், ஓடிப் போனார், நன்றாகப் படித்தார்
– த்து, ட்டு, ற்று என முடியும் வினையெச்சங்கள்: படித்துப் பார்த்தார், கேட்டுச் சொன்னார், விற்றுத் தீர்த்தார்

மிகாத இடங்களில் தேவையில்லாமல் ஒற்றுப் போடுவதும் அதே அளவு நடக்கிறது. எழுவாய்க்குப் பின் மிகாது (யானை பெரியது). பெயரெச்சத்துக்குப் பின் மிகாது (வந்த பையன், எழுதிய கடிதம்). ஓடு, உடன், இலிருந்து ஆகியவற்றுக்குப் பின் மிகாது. 'படித்து' என்பதற்குப் பின் மிகும்; ஆனால் 'வந்து', 'செய்து' என்பவற்றுக்குப் பின் மிகாது: வந்து பார்த்தார், செய்து கொடுத்தார். 'எனச் சொன்னார்' சரி, 'என்றுச் சொன்னார்' தவறு. முற்றுப்புள்ளி வைத்து நிறுத்தும் இடத்திலும் காற்புள்ளிக்கு முன்னும் ஒற்று வராது.

இதைச் சரிபார்க்கத் தேடல் பெட்டியில் ஓர் எளிய உத்தி உண்டு. 'களை', 'த்தை', 'க்கு', 'ற்கு', 'அந்த', 'இந்த' என்று ஒவ்வொன்றாகப் போட்டு, இறுதியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துத் தேடுங்கள். ஏற்கெனவே ஒற்றுப் போட்ட இடங்கள் ('களைப்', 'க்குச்') இதில் சிக்கா. போடாத இடங்கள் மட்டும் வரிசையாக வரும். அவற்றில் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒற்று என்பது இலக்கண ஆசிரியரின் பிடிவாதம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. ஒற்று இடம் மாறினால் பொருளே மாறுகிறது.

சொற்களை எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது?

துணைவினையைச் சேர்த்து எழுதுங்கள்: வந்துவிட்டார், எடுத்துக்கொண்டார், பார்த்துக்கொண்டிருந்தார். 'தான்' அழுத்தப் பொருளில் வந்தால் சேர்த்து எழுத வேண்டும் (அவர்தான் சொன்னார்). ஒருவர் தன்னையே குறிக்கும் பொருளில் வந்தால் தனிச் சொல் (அவன் தான் வருவதாகச் சொன்னான்). இங்கே இடைவெளி பிசகினால் பொருள் பிசகும். மற்றபடி இதில் எழுத்தாளருக்கு எழுத்தாளர் வழக்கம் வேறுபடுகிறது. ஒரே கட்டுரையில் 'செய்து கொண்டு' என்றும் 'செய்துகொண்டு' என்றும் மாறி மாறி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒருமை பன்மைப் பிழை ஏன் இவ்வளவு வருகிறது?

பேச்சு வழக்கில் அஃறிணைப் பன்மை வினைமுற்று அநேகமாக இல்லை. 'மாடெல்லாம் மேஞ்சுது' என்றுதான் பேசுகிறோம். எழுதும்போதும் அதுவே கைக்கு வருகிறது. 'கோப்புகள் அழிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டுப் படித்தால் காதுக்கும் இயல்பாகவே படும். இரண்டு 'உம்' வந்தாலும் இதே கதை: 'மழையும் வெயிலும் வந்தது'. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே பத்துச் சொற்கள் புகுந்துவிட்டால் இன்னும் எளிதில் தவறும்.

'பட்டது', 'உள்ளது', 'இருக்கிறது', 'வந்தது' ஆகிய முடிவுகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று விரல் வைத்துப் பாருங்கள். 'ஒவ்வொரு' என்பதையும் தேடுங்கள். 'ஒவ்வொரு மாணவர்களும்' தவறு; 'ஒவ்வொரு மாணவரும்' சரி.

திரையில் சரியாகத் தெரியும் சொல் தேடினால் கிடைக்கவில்லை. ஏன்?

தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் யூனிகோடு எழுத்துகள் வேறாக இருக்கலாம். கண்ணால் பிடிக்கவே முடியாத பிழை இது.

அடிக்கடி வருவது ஔகாரம். 'மௌனம்' என்பதை மகரத்துடன் ஔகாரக் குறியீட்டைச் சேர்த்து எழுத வேண்டும். பலர் 'மெ' தட்டி அடுத்து 'ள' என்ற முழு எழுத்தைத் தட்டிவிடுகிறார்கள்: 'மெளனம்'. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோலவே தெரியும். தேடலில் கிடைக்காது, அகரவரிசையில் வேறு இடத்துக்குப் போகும், திரைபடிப்பான் 'மெ-ள-னம்' என்று படிக்கும். 'ஔவை' என்பதற்கு 'ஒ', 'ள' இரண்டையும் தட்டி 'ஒளவை' என்று எழுதுவதும் இதே பிழை. 'மெள', 'கெள', 'பெள', 'ஒள' ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். 'மெள்ள', 'கெளுத்தி', 'ஒளி' போன்ற நியாயமான சொற்களும் வரும், அவற்றை விட்டுவிடுங்கள்.

இதேபோல் துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டுவது, உகரத்துக்குப் பதிலாக தமிழ் எண் இரண்டைத் தட்டுவது போன்றவையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரையில் இவை கூடுதலாக இருக்கும். 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ஸகரத்தில் தொடங்கி ஒரு விதம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதம். ஒரே ஊர்ப்பெயரை இரண்டு விதமாகவும் எழுதிவைத்தால் தேடல் ஒன்றைத்தான் காட்டும்.

வேறிடத்திலிருந்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது வெற்றுரையாக ஒட்டுங்கள். பல செயலிகளில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

விசைப்பலகைக்கும் பிழைக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுத்தைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு ஷிஃப்ட் விசை தவறினால் ள, ல ஆகும். ண, ன ஆகும். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அது பெரும்பாலும் வசதிதான், ஆனால் 'ததும்பு' என்று எழுதப் போனால் 'த்தும்பு' என்று வரும். இடையில் அகர விசையைத் தட்ட வேண்டும். கைப்பேசியில் சொல்லை ஊகித்துத் தரும் வசதியும் குரல்வழித் தட்டச்சும் எழுத்துப் பிழையே இல்லாத தவறான சொல்லைப் போட்டுவிடும். கண்டுபிடிக்க மிகவும் கடினமானது அந்த வகைதான். உங்கள் கருவி எது என்று தெரிந்தால் எந்தப் பிழையைத் தேட வேண்டும் என்பதும் தெரியும்.

பிழைதிருத்தி மென்பொருளிடமோ செயற்கை நுண்ணறிவிடமோ ஒப்படைத்துவிடலாமா?

உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். 'வாணி' என்ற இணையக் கருவி எழுத்துப்பிழை காட்டும். 'நாவி' என்ற கருவி சந்திப்பிழை, அதாவது ஒற்றுப் பிழை காட்டும். பொதுவான எழுதுசெயலிகளிலும் தமிழ் அகராதி சேர்க்கலாம். ஆனால் தமிழில் ஒரு வேர்ச்சொல் உருபும் விகுதியும் ஏற்று எண்ணற்ற வடிவங்களாக விரிகிறது. அத்தனையையும் எந்தப் பட்டியலிலும் அடக்க முடியாது. அதனால் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும். கோடுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் உண்மையான பிழையையும் தாண்டிப் போவதுதான் இதில் ஆபத்து. பெயர்களையும் கலைச்சொற்களையும் உங்கள் தனி அகராதியில் சேர்த்துவிட்டால் கோடுகள் குறையும்.

செயற்கை நுண்ணறிவிடம் 'திருத்தித் தா' என்று கேட்காதீர்கள். பிழையைத் திருத்துவதோடு உங்கள் நடையையும் வழித்தெடுத்துவிடும். மேற்கோளுக்குள் இருப்பதையும் மாற்றும். 'பிழைகளைப் பட்டியலாக மட்டும் காட்டு' என்று கேளுங்கள். ஒவ்வொன்றையும் ஏற்பதா விடுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா?

இரு தரப்புக்கும் வாதம் உண்டு. 'நாள்கள் – நாட்கள்', 'கறுப்பு – கருப்பு', 'அந்தப் பஸ் – அந்த பஸ்' ஆகியவையும் அப்படியே. விவாதத்தை முடித்துவைப்பது மெய்ப்புப் பார்ப்பவரின் வேலையல்ல. ஒன்றைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதிவைத்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். பிறமொழிப் பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் அதே தாளில் குறியுங்கள். ஒரே ஆள் மேல் பத்தியில் 'பீட்டர்', கீழ்ப் பத்தியில் 'பீற்றர்' என்று இருந்தால் வாசகர் இரண்டு பேர் என்று நினைப்பார்.

ஒரே அடியில் எல்லா இடத்திலும் மாற்றிவிடலாமே?

கூடாது. 'கரை' என்பதை 'கறை' என ஒட்டுமொத்தமாக மாற்றினால் 'சர்க்கரை' சர்க்கறை ஆகும், 'கடற்கரை' கடற்கறை ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்.

எண்களையும் பெயர்களையும் எப்படிப் பார்ப்பது?

அதற்கென்று தனிச் சுற்று. வாக்கியத்தைப் படிக்காமல் இலக்கங்களில் மட்டும் நிற்க வேண்டும். நினைவிலிருந்து சரிபார்க்காமல், எடுத்த இடத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. மொழிபெயர்த்த எண்களில் ஒரு சுழியம் கூடுவதும் குறைவதும் இங்கேதான். 5 சதவீதம் 8 சதவீதமானால் உயர்வு 3 சதவீதப் புள்ளி. 3 சதவீத உயர்வு அல்ல, கணக்குப் பார்த்தால் 60 சதவீத உயர்வு. தேதியையும் கிழமையையும் நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். 'ஐந்து காரணங்கள்' என்று தொடங்கியிருந்தால் ஐந்து இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இணைப்புகளைச் சொடுக்கிப் பாருங்கள். தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மேற்கோளுக்குள் உள்ள பிழையைத் திருத்தலாமா?

மூலத்தில் இருக்கும் பிழை என்றால் தொடாதீர்கள். நீங்கள் படியெடுத்தபோது வந்த பிழை என்றால் திருத்த வேண்டும். எது எது என்பது மூலத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். கதை உரையாடலில் வரும் பேச்சு வழக்கு பிழையாகாது.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது? எப்போது நிறுத்துவது?

1,000 சொற்களுக்கு எல்லாச் சுற்றும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட விரைவாக முடிந்தால் அநேகமாக வாசித்திருக்கிறீர்கள், மெய்ப்புப் பார்க்கவில்லை. முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஒரு முழுச் சுற்றில் பிழை எதுவும் சிக்காமல், இருந்த சொல்லை மாற்றுவதும் மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்குவதுமாக நேரம் போனால் நிறுத்திவிடலாம்.

வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால்?

எழுத்துப் பிழையைச் சத்தமில்லாமல் திருத்திவிடுங்கள். பெயர், எண், தகவல் தவறாக இருந்தால் திருத்திய பின் எது மாறியது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பழையதைப் படித்தவர்களுக்கு வேறு வழியில் தெரியாது. ஒரு பிழை கிடைத்த இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு பத்திகளைப் பாருங்கள். கவனம் சிதறியபோது எழுதிய இடம் அது. இன்னொன்றும் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சொல்லை உங்கள் பிழைப்பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.